சித்தப்பா விழுந்த குழாய்

ஆறாவது மாடியிலிருந்து விழுந்த சித்தப்பா கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. இடுப்பு பிளந்து, வயிற்றுக்குள் இருந்ததெல்லாம் சிமெண்டுத் தரையில் கொட்டிக் கிடந்தது. ரேடியோ குனிந்து அதில் ஒரு பிடி அள்ளினான்.

"ஆத்து மணல், அத்தான். சலிச்சு வேற போட்டிருக்காங்க. செல்லமா வளர்த்த உடம்பு."

அத்தான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். தீயணைப்பு வீரர்கள் பழகுவதற்காகக் கட்டிய கோபுரம் அது. கதவில்லாத வாசல்கள், கண்ணாடியில்லாத ஜன்னல்கள், புகை படிந்த சுவர். உச்சி ஜன்னலில் ஒரு இரும்பு வளையம் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது.

சித்தப்பா என்பது கித்தான் துணியில் தைத்து, மணல் நிரப்பிய பொம்மை. ஓர் ஆளின் எடை. எந்த வேலையும் செய்யாமல் மூலையில் உட்கார்ந்துகொண்டு எல்லோரையும் மேற்பார்வை பார்ப்பது போன்ற முகம் அதற்கு அமைந்துவிட்டதால் அந்தப் பெயர்.

ரேடியோவுக்குப் பெயர் வைத்தவள் அவனுடைய அக்கா. அணைக்கிற பட்டன் இல்லாமல் பிறந்துவிட்டான் என்பாள். அக்கா காலமாகி இரண்டு வருடமாகிறது. பெயர் மட்டும் நின்றுவிட்டது. அக்காவின் கணவர்தான் அத்தான். துப்பறிவது அவர் தொழில். பேசுவது இவன் தொழில். அலுவலகத்துக்கு வருகிறவர்கள் கதையை இவனிடம் சொல்லிவிட்டு, பதிலை அவரிடம் வாங்கிக்கொண்டு போவார்கள்.

"யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க," என்றார் இன்ஜினியர். காதில் பென்சில் செருகிய பெண்மணி. ராத்திரி தூங்கவில்லை என்பதைக் கண் சொன்னது. "இத்தனை மாசமா இந்தச் சித்தப்பா எத்தனையோ தடவை இறங்கியிருக்கார். ஒரு தடவைகூட இப்படி ஆனதில்ல. நேத்து சாயங்காலம் மேலேருந்து தள்ளினேன். திரும்பிப் பார்க்கறதுக்குள்ள தரையில கிடக்கார்."

"சித்தப்பாவுக்கு விரோதிகள் யாராவது?" என்றான் ரேடியோ.

இன்ஜினியர் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு அத்தானிடம் திரும்பினார். "வாங்க, குழாயைக் காட்டறேன்."

மைதானத்தின் ஓரத்தில் தகரக் கூரை போட்ட நீளமான பட்டறை. உள்ளே நுழைந்ததும் லேசாகப் பூ வாசனை அடித்தது. இன்ஜினியர் பூசிக்கொண்ட செண்ட் என்று ரேடியோ நினைத்துக்கொண்டான். தரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் ஒரு துணிக் குழாய் நெளிந்து கிடந்தது. ஆள் நுழையும் அகலம். கோபுரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு நீளம்.

"மாடி ஜன்னல்ல இதை மாட்டித் தொங்க விடுவோம். தீப்பிடிச்சா மாடிப்படி புகை ஆயிடும், லிஃப்ட் நின்னுடும். ஜன்னல் வழியா இதுக்குள்ள குதிச்சுட வேண்டியதுதான். வெளி உறை தீயைத் தாங்கும். நடு உறை எலாஸ்டிக், உடம்பை இறுக்கிப் பிடிக்கும். உள் உறை சொரசொரப்பான நெசவு, வழுக்க விடாது. முழங்கையை விரிச்சா நிக்கலாம். ஒடுக்கினா இறங்கலாம்."

"கையைக் காலை அசைக்க முடியாதவங்க?"

"அவங்களுக்காகத்தான் இதைப் பண்ணினதே. கீழ ஒரு ஆள் நின்னு குழாயை முறுக்கிப் பிடிச்சா வேகம் குறைஞ்சுடும். மயக்கமா இருக்கிறவங்களைக்கூட இறக்கலாம்."

"மலைப்பாம்பு மாதிரின்னு சொல்லுங்க. அது முழுங்கும், இது துப்பும்."

"இன்னொண்ணும் இருக்கு," என்றார் இன்ஜினியர். குரலில் சின்னப் பெருமை எட்டிப் பார்த்தது. "குதிக்கறதுக்கு முன்னாடி மேலேருந்து தண்ணி விடுவோம். உள் உறை அத்தனையும் குடிச்சுக்கும். ஈரத் துணி சூட்டை உள்ள விடாது. உடம்பையும் கெட்டியாப் பிடிக்கும்."

அத்தான் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "கீழ ஒழுகாதா?"

"ஒரு சொட்டு வராது."

அத்தான் தலையாட்டினார்.

"இன்னிக்கு சாயங்காலம் தீயணைப்பு அதிகாரி வர்றார்," என்றார் இன்ஜினியர். "பெரிய ஆஸ்பத்திரியிலிருந்தும் வர்றாங்க. அங்க மேல் மாடியில இருக்கிறவங்க எல்லாம் படுத்த படுக்கை. எந்த ஏணியும் எட்டாது. அவங்க முன்னாடி நானே குழாயில இறங்கிக் காட்டறேன்னு சொல்லியிருக்கேன்."

"ஒத்திப்போடலாமே?" என்றான் ரேடியோ.

"ஏற்கெனவே போட்டாச்சு. இனிமே கூப்பிட்டாலும் வர மாட்டாங்க."

"சாயங்காலத்துக்குள்ள காரணம் தெரியலைன்னா?"

"தெரியலைன்னாலும் இறங்குவேன்."

பட்டறையின் மூலையில் தையல் மெஷின் டக்கென்று நின்றது. அதன் முன்னால் இன்ஜினியரின் கணவர் உட்கார்ந்திருந்தார். கூடாரம் தைத்துப் பழகிய டெய்லர். குழாயின் ஒவ்வொரு தையலும் அவர் கை. மெஷின் பக்கத்தில் மேஜைமேல், தைப்பதற்காக எடுத்துவந்த சித்தப்பாவின் மேல்பாதி சாய்ந்திருந்தது.

"சித்தப்பா," என்றார் டெய்லர் அந்தத் தலையைப் பார்த்து. "அந்தம்மா இறங்கறதா இருந்தா, கீழ குழாயைப் பிடிக்க நான் வர மாட்டேன்னு சொல்லிடுங்க."

"சித்தப்பா," என்றார் இன்ஜினியர் அதே தலையைப் பார்த்து. "வரலைன்னா வேற ஆள் இருக்காங்கன்னு சொல்லிடுங்க."

ரேடியோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "நீங்க ரெண்டு பேரும் நேரா..."

"ஒரு வாரமாப் பேசறதில்ல," என்றார் இன்ஜினியர். "நான் இறங்கக் கூடாதாம். அவர்தான் இறங்குவாராம்."

"தைச்சவன் நான்," என்றார் டெய்லர் சித்தப்பாவிடம்.

"யோசிச்சவ நான்," என்றார் இன்ஜினியர் சித்தப்பாவிடம்.

சித்தப்பா நடுநிலை வகித்தார்.

இன்ஜினியர் குழாயின் அடி நுனியை எடுத்துவரப் பட்டறையின் மறுகோடிக்குப் போனார். அத்தான் ஜன்னல் பக்கம் நகர்ந்தார். அங்கே ஒரு ஜோடி ஷூ, வயிற்றில் காகிதம் திணிக்கப்பட்டு, குப்புறக் காய்ந்துகொண்டிருந்தது. ஒன்றை எடுத்துத் தட்டிப் பார்த்தார்.

"யாரோடது?"

"என்னோடதுதாங்க," என்றார் டெய்லர். "நேத்து குழாயைப் பிடிச்சுக்கிட்டுக் கீழ நின்னேன். மேலேருந்து தண்ணி கொட்டோ கொட்டுன்னு கொட்டி ஷூ தொப்பலா ஆயிடுச்சு. புதுசுங்க."

"வீட்ல சொன்னீங்களா?"

"யார்கிட்ட? அதான் பேசறதில்லையே."

அத்தான் ஷூவை இருந்த இடத்திலேயே வைத்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்த முகத்தில் எதுவுமே தெரிவதில்லை.

"அத்தான், ஷூ வேணும்னா கடைக்குப் போலாம்," என்று ரேடியோ காதோரம் கிசுகிசுத்தான். "காய வச்சதை எல்லாம் எடுத்துப் பார்க்காதீங்க."

இன்ஜினியர் குழாயின் அடி நுனியோடு வந்தார். உள் உறையின் ஓரத்தில் கைக்குட்டை அளவுக்கு ஒரு சதுரம் கத்தரிக்கப்பட்டிருந்தது.

"இதைப் பாருங்க. ராத்திரிதான் கவனிச்சேன். யார் வேலைன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஏணிக்காரன்!"

---

ஏணிக்காரரைத் தேட வேண்டியிருக்கவில்லை. மைதானத்தின் நடுவிலேயே நின்றார். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. பின்னால் செக்கச்செவேலென்று ஒரு வண்டி. அதன் முதுகில் மடித்து வைத்த இரும்பு ஏணி. அதிகாரியிடம் இன்று தன் வண்டியையும் காட்டப்போகிறார். குழாய் தோற்றால் வண்டி ஜெயிக்கும். சந்தேகப்படுவதற்கு இதைவிட வசதியான ஆள் கிடைக்க மாட்டார் என்று ரேடியோ மகிழ்ந்தான்.

"எவ்வளவு உயரம் சார் போகும்?"

"நாலு மாடி. குலுங்காமப் போகும்."

"அஞ்சாவது மாடியில இருக்கிறவங்க?"

"அவங்க நாலாவது மாடிக்கு வந்துடணும்."

"அதுவும் சரிதான்." ரேடியோ தன் முன்கையைப் பரபரவென்று சொறிந்தான். "சார், உங்ககிட்ட ஏதாவது களிம்பு இருக்குமா? அந்தக் குழாய்த் துணியைத் தெரியாம தொட்டுட்டேன். அதுல கண்ணாடி இழை கலந்திருக்காம். தொட்ட உடனே தெரியாதாம். கொஞ்ச நாள் கழிச்சுத்தான் ஆரம்பிக்குமாம்."

"என்ன ஆரம்பிக்கும்?"

"அரிப்பு சார். கையில பட்டா கை. பாக்கெட்ல வச்சிருந்தா..." ரேடியோ வருத்தத்தோடு தலையசைத்தான். "பாவம், தொடை. உரிஞ்சே போயிடுமாம்."

ஏணிக்காரரின் வலது கை தானாகப் பேண்ட் பாக்கெட்டுக்குப் போய் ஒரு சொறி சொறிந்தது. பிறகுதான் அது என்ன செய்கிறது என்று அவருக்கே புரிந்தது. அப்படியே உறைந்தார்.

அத்தான் உள்ளங்கையை நீட்டினார்.

பிறகு ஏணிக்காரர் பாக்கெட்டிலிருந்து ஒரு துணித்துண்டை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

"திருடலை. சாம்பிள் எடுத்தேன்."

"ஆளில்லாதப்ப கத்தரிக்கோலோட போறவங்களுக்கு எங்க ஊர்ல வேற பேர் சார்."

"எப்போ?" என்றார் அத்தான்.

"புகை வச்சுப் பரீட்சை பண்ணாங்களே, அன்னிக்கு. கதவு திறந்திருந்தது. அந்தத் துணி என்னன்னு தெரிஞ்சா நாமளும் ஒண்ணு பண்ணலாமேன்னு..." ஏணிக்காரருக்கு வியர்த்தது. "ஆனா சத்தியமா அந்தப் பொம்மை விழுந்ததுக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லீங்க. அடி ஓரத்துல ஒரு துண்டு போனா மேலேருந்து வர்றவங்களுக்கு என்ன ஆயிடப் போகுது?"

"ஒண்ணும் ஆகாது," என்றார் அத்தான்.

ரேடியோவின் முகம் தொங்கிப் போயிற்று. "அத்தான், இப்பதான் பிடிச்சேன். அதுக்குள்ள விட்டுட்டீங்களே."

அத்தான் துண்டை வண்டியின் பளபளப்பான முன்பக்கத்தில் விரித்தார். துணி கறுப்பாக இருந்தது. அவர் விரல் நுனியிலும் கரி ஒட்டியிருந்தது. ஏணிக்காரரின் தண்ணீர் பாட்டிலைக் கேட்காமலே எடுத்து, அதன்மேல் கொஞ்சம் சாய்த்தார். விழுந்த தண்ணீர் விழுந்த இடத்திலேயே காணாமல் போயிற்று. இன்னும் கொஞ்சம் சாய்த்தார். அதுவும் போயிற்று. வண்டியின் சிவப்பு வர்ணத்தில் ஒரு துளி ஓடவில்லை.

"ரொம்ப தாகம் போலிருக்கு," என்றான் ரேடியோ.

அத்தான் துண்டைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு பாட்டிலோடு பட்டறையை நோக்கி நடந்தார்.

"சார், அந்த அரிப்பு..." என்று ஏணிக்காரர் பின்னால் கூப்பிட்டார்.

"திருந்தினா போயிடும் சார்!"

---

"உள் உறையைக் கொஞ்சம் வெளியில திருப்புங்க," என்றார் அத்தான்.

இன்ஜினியர் குழாயின் வாயைப் புரட்டினார். உள் உறை பால்போல வெளுத்திருந்தது. அத்தான் அதன் பக்கத்தில் ஏணிக்காரரின் துண்டை வைத்தார். இது சுத்தம். அது கரி. பிறகு பாட்டிலைச் சாய்த்தார்.

தண்ணீர் உள்ளே இறங்கவில்லை. தாமரை இலையில் விழுந்ததுபோல உருண்டு திரண்டு நின்றது. துணியைச் சற்றே சாய்த்ததும், உருண்டை ஓடிப்போய் டெய்லரின் காலடியில் விழுந்தது.

இன்ஜினியரின் காதிலிருந்த பென்சில் கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை.

"குடிக்கலை," என்றார் மெதுவாக.

"நேத்தும் குடிக்கலை," என்றார் அத்தான். "மேல விட்ட தண்ணி முழுக்க உங்க வீட்டுக்காரர் ஷூவுக்குள்ள போயிருக்கு. புகைப் பரீட்சைக்கு அப்புறம் இதைத் துவைச்சது யாரு?"

கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் கையை நீட்டினார்கள். இருவர் விரல்களும் நடுவழியில் எதிரெதிராக நின்றன.

"அவர்."

"அவ."

"நீங்க துவைக்கலையா?" ஒரு வாரத்தில் இன்ஜினியர் கணவரிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"நான் எங்க துவைச்சேன்? காலையில வந்து பார்த்தேன், சுத்தமா இருந்தது. சரி, கோவம் தணிஞ்சு நீதான் துவைச்சு வச்சிருக்கேன்னு நினைச்சேன். நீயே வாயைத் திறந்து சொல்லட்டும்னு காத்துக்கிட்டிருந்தேன்."

"நானும் அதையேதான் நினைச்சேன்! நீங்கதான் சமாதானத்துக்கு வந்திருக்கீங்கன்னு. அன்னிக்கு உங்களுக்கு டீ போட்டு மேஜையில வச்சேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?"

"டீன்னு நினைச்சேன்."

ரேடியோ சித்தப்பாவின் தோளைத் தட்டிக் கொடுத்தான். "உங்க பாடு இனிமே கொஞ்சம் குறையும் சித்தப்பா." பிறகு, தானும் ஏதாவது கண்டுபிடித்தால் தேவலை என்று குழாயின் மேல் வாயைத் துழாவினான். துழாவியவன் "ஆ!" என்று அலறிக் கையை உதறினான். விரல் நுனியில் ஒரு சிவப்புப் பொட்டு.

"கடிச்சுட்டுது அத்தான்! உள்ள உயிரோட ஏதோ இருக்கு!"

கடித்தது ஒரு ஊக்கு. வளையம் மாட்டுகிற மடிப்புக்குள் ஒளிந்திருந்தது. அதன் தலையில் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. ஒருவர் துணி இன்னொருவர் துணியோடு கலந்துவிடாமலிருக்க லாண்டரிக்காரர்கள் குத்துகிற ஊக்கு.

டெய்லர் அதைப் பார்த்ததும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"மஞ்சள் நூல் என் தங்கச்சி கடையோட அடையாளம்," என்றார். "பின் கேட்டுக்கு எதிர்ல இருக்கே, அந்த லாண்டரி."

இன்ஜினியர் முகம் சிவந்தது. "உங்க தங்கச்சியா! அப்படிச் சொல்லுங்க. அவளுக்கும் எனக்கும் மூணு மாசமாப் பேச்சு வார்த்தை இல்ல."

"மேடம், தெரியாமத்தான் கேக்கறேன்," என்றான் ரேடியோ. "இந்தக் குடும்பத்துல யார் யாரோட பேசறீங்க?"

"ஒரு நாள் வலிய வந்து என் துணியை இஸ்திரி போட்டா. பெரிசா ஒரு ஓட்டை. அன்னிக்கு எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன், உன் கை பட்டா எதுவும் உருப்படாதுன்னு. அதை மனசுல வச்சுக்கிட்டு இப்ப..." இன்ஜினியர் கணவரிடம் திரும்பினார். "பட்டறைச் சாவி எப்படிக் கிடைச்சுது அவளுக்கு?"

டெய்லர் தரையைப் பார்த்தார். "மதியம் எனக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைக்கிறா. அதுக்காக நான்தான்..."

"இன்னிக்கு நான் அதுல இறங்கப் போறேன்னு அவளுக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றார் டெய்லர்.

அத்தான் ஊக்கை எடுத்துக்கொண்டு பின் கேட்டை நோக்கி நடந்தார்.

---

லாண்டரியில் வெந்நீராவி கண்ணை மறைத்தது. சுவரோரம் வட்டக் கண்ணாடி வைத்த மெஷின்கள் வரிசையாக வயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தன. கல்லாவுக்குப் பின்னால் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்த பெண், வாசலில் வந்து நின்ற நாலு பேரையும் பார்த்தாள். முதலில் அண்ணனை. பிறகு அண்ணியை. கை மடிப்பதை நிறுத்தியது.

அத்தான் ஊக்கைக் கல்லாவின்மேல் வைத்தார். மஞ்சள் நூல் விளக்கில் மின்னியது.

ரேடியோ அவள் முகத்தையே பார்த்தான். பொய் சொல்லப்போகிறவர்கள் முதலில் கதவைப் பார்ப்பார்கள் என்பது அவன் கணக்கு. அவள் கதவைப் பார்க்கவில்லை. அண்ணியைப் பார்த்தாள்.

"ஐயையோ, ஊக்கை எடுக்க மறந்துட்டேனா?" என்றாள். கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "யாருன்னே தெரியக் கூடாதுன்னு நினைச்சேன். தெரிஞ்சா வேண்டாம்னு சொல்லிடுவீங்களேன்னு." பிறகு குரல் இறங்கியது. "பிடிச்சிருந்ததா, அண்ணி?"

ரேடியோ தயாராக வைத்திருந்த வார்த்தை எதுவும் அந்தக் கேள்விக்குப் பக்கத்தில் போக மறுத்தது.

"புகைப் பரீட்சைக்கு அப்புறம் சாப்பாடு வைக்க வந்தேன்," என்று அவள் அவசர அவசரமாகச் சொன்னாள். "ஒரே கரி, ஒரே நாத்தம். இத்தனை பெரிய மனுஷங்க முன்னாடி அண்ணி இதுக்குள்ள போய் கரி பூசிக்கிட்டா வெளிய வரணும்? அதுவும் அந்தத் துணி முள்ளு மாதிரி சொரசொரன்னு இருந்தது. உரசிக்கிட்டு இறங்கறப்ப அண்ணி கை, முதுகு எல்லாம் சிராய்ச்சுடுமேன்னு... ஜிப்பைக் கழட்டி உள் உறையைக் கொண்டுவந்தேன். துணி மெத்துன்னு ஆகறதுக்கு வாசனை சாஃப்ட்னர் ரெண்டு மடங்கு ஊத்தினேன். அதை நான் யாருக்கும் அவ்வளவு ஊத்தினதில்ல, அண்ணி. தொட்டுப் பார்த்தீங்களா? பூ மாதிரி ஆயிடுச்சு."

பட்டறையில் அடித்த செண்ட் யாருடையது என்று ரேடியோவுக்கு இப்போது புரிந்தது.

இன்ஜினியர் கல்லாவைப் பிடித்துக்கொண்டார். திட்டுவதற்காகக் கட்டிக்கொண்டு வந்ததெல்லாம் அவிழ்ந்து எங்கோ விழுந்துவிட்டது.

"அந்தச் சொரசொரப்புதாம்மா ஆளைப் பிடிக்குது," என்றார் கடைசியில். "சாஃப்ட்னர் நூல்மேல மெழுகு மாதிரி படிஞ்சுடும். தண்ணி உள்ள போகாது. துணி வழுக்கும். அது மட்டுமில்ல, அந்தப் படலம் தீயைச் சீக்கிரம் பிடிக்கும்."

அவள் முகம் வெளிறியது. "அப்போ சித்தப்பா விழுந்தது..."

"சித்தப்பாவைத் தைச்சுடலாம்," என்றார் டெய்லர். "சாயங்காலம் உங்க அண்ணி விழுந்திருந்தா?"

அவள் மடித்த சட்டைகளின்மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. மெஷின்கள் தங்கள் பாட்டுக்குச் சுற்றின. இன்ஜினியர் கல்லாவைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். கொஞ்சம் தயங்கினார். பிறகு அந்த முதுகில் கை வைத்தார்.

"அழறதை அப்புறம் வச்சுக்கலாம். ஊத்தினதை எடுக்க முடியுமா, அதைச் சொல்லு."

அவள் நிமிர்ந்தாள். மூக்கைத் துடைத்தாள். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே ஏற்றினாள்.

"முடியும். கொதிக்கக் கொதிக்கத் தண்ணி. அலசறப்ப வினிகர். வழவழப்பு போற வரைக்கும் திரும்பத் திரும்ப அலசணும். சாயங்காலத்துக்குள்ள காயவும் வச்சுடுவேன். அண்ணா, கடையைச் சாத்து. தம்பி, நீங்க ஓடிப்போய் வினிகர் வாங்கிட்டு வாங்க. கிடைக்கிறதை எல்லாம் வாங்கிட்டு வாங்க!"

துப்பறியும் நிறுவனத்தின் உதவி அதிகாரி வினிகர் வாங்க ஓடினான்.

---

வெயில் சாயும்போது குழாய் மறுபடி கோபுரத்தில் தொங்கியது. முதலில் சித்தப்பா இறங்கினார். இடுப்பில் புதுத் தையலோடு, மேலேயிருந்து கீழே வரைக்கும் நிதானமாக வந்து, பஞ்சுமேல் உட்காருவதுபோலத் தரையில் உட்கார்ந்தார்.

"வாழ்க்கையில முதல் தடவையா ஒரு வேலையை ஒழுங்கா முடிச்சிருக்கார்," என்றான் ரேடியோ.

தீயணைப்பு அதிகாரி சிரிக்கவில்லை. மீசை வைத்த, கனத்த மனிதர். "மணல் மூட்டை எதுல வேணா இறங்கும்," என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த இரண்டு டாக்டர்களும் மேலே பார்த்தார்கள். ஏணிக்காரர் தன் வண்டியோரமாக நின்று தொடையைச் சொறிந்துகொண்டிருந்தார்.

உச்சி ஜன்னலில் இன்ஜினியர் தெரிந்தார். கீழே குழாயின் நுனியைப் பிடித்துக்கொண்டு டெய்லர் நின்றார். வர மாட்டேன் என்று சொன்னவர். பக்கத்தில் தங்கை, அண்ணன் சட்டையைப் பிடித்துக்கொண்டு. மேலே தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். ரேடியோ டெய்லரின் காலைப் பார்த்தான். ஷூ காய்ந்தே இருந்தது.

இன்ஜினியர் கீழே ஒரு தடவை பார்த்தார். குழாய்க்குள் காலை விட்டார். காணாமல் போனார்.

குழாயின் உச்சியில் ஒரு புடைப்பு தோன்றியது. மெல்ல இறங்கியது. ஐந்தாவது மாடி ஜன்னல். நாலாவது. மூன்றாவது மாடிக்கு வந்ததும் நின்றது.

எல்லோரும் காத்திருந்தார்கள். புடைப்பு அசையவில்லை.

அதிகாரி ஓர் அடி முன்னால் வந்தார். தங்கையின் உதடு எதையோ முணுமுணுத்தது. டெய்லரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்துவிட்டது. ரேடியோ அத்தானைப் பார்த்தான். அவர் மேலே பார்க்கவில்லை. டெய்லரின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது குழாய்க்குள்ளிருந்து ஒரு குரல் கேட்டது. அமுங்கிய குரல். ஆனால் மைதானம் முழுக்கக் கேட்டது.

"சித்தப்பா! அந்த மனுஷனைக் கையைத் தளர்த்தச் சொல்லுங்க! பயத்துல இறுக்கிப் பிடிச்சுத் தொலைச்சிருக்கார்!"

டெய்லர் குனிந்து தன் கையைப் பார்த்தார். கிணற்றுக் கயிறுபோல முறுக்கி வைத்திருந்தார் குழாயை. பதறிப்போய்ப் பிடியைத் தளர்த்தினார். புடைப்பு நகர்ந்தது. இரண்டாவது மாடி, முதல் மாடி. இன்ஜினியர் குழாயின் வாயிலிருந்து கால், இடுப்பு, தலை என்று வரிசையாக வெளியே வந்து கணவரைச் சாய்த்து அவர் மடியிலேயே உட்கார்ந்தார். முழங்கையில் லேசான சிராய்ப்பு. நாத்தனாரிடம் அதை நீட்டிக் காட்டினார்.

"பாரு. பிடிச்சிருக்கு."

தங்கை அழுதாள், சிரித்தாள், இரண்டையும் சேர்த்துச் செய்தாள்.

அதிகாரி மீசையைத் தடவினார். குழாயைத் தொட்டார். உள்ளே கை விட்டு முரட்டுத்தனமாகத் தேய்த்துப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றி ரேடியோவின் கையில் கொடுத்தார்.

"மறுபடி தண்ணி விடுங்க. இந்தத் தடவை நான் இறங்கறேன்."

---

மைதானத்தைவிட்டு வெளியே வந்து இருவரும் நடந்தார்கள். தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன.

"அத்தான், ஷூவைப் பார்த்தப்பவே தெரிஞ்சுதா?"

"பாதி."

"மீதி?"

அத்தான் பதில் சொல்ல மாட்டார் என்று நினைத்து ரேடியோ அடுத்த கேள்விக்குப் போகவிருந்தான்.

"உங்க அக்கா போன புதுசுல நானே துணி துவைக்க ஆரம்பிச்சேன்," என்றார். "அலமாரியில அவ வாங்கி வச்ச சாஃப்ட்னர் இருந்தது. எதுக்கு ஊத்தணும், எதுக்கு ஊத்தக் கூடாதுன்னு தெரியல. எல்லாத்துக்கும் ஊத்தினேன். டவலுக்கும்."

ரேடியோ அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"குளிச்சுட்டு வந்து துவட்டுவேன். துவட்டத் துவட்ட ஈரம் போகாது. அப்படியே நிப்பேன். ரொம்ப நாள் எனக்குத்தான் ஏதோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு நாள் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். டவலுக்கு வேண்டாம்னு பின்னாடியே போட்டிருந்தது."

ஒரு பஸ் இரைந்துகொண்டு போனது.

"இப்போ?" என்றான் ரேடியோ.

"இப்போ துவட்டுது."

தெருக்கோடி வரைக்கும் ரேடியோ பேசவில்லை. திருப்பத்தில் அத்தான் நின்றார். அவன் முகத்தைக் கூர்ந்து பார்த்தார்.

"என்ன மாப்ள, பேட்டரி தீர்ந்துடுச்சா?"

இரண்டு வருடத்தில் அத்தான் அடித்த முதல் ஜோக். சுமாரான ஜோக்தான். ரேடியோ தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான்.